நெல்லுக்குக் கொடுத்த பெயர்

ஒரு பெரும்போகத் தொடக்கத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு விதைநெல் வழங்கினோம். பெயர்களைக் கடதாசியில் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவதே அதுவரை எமது வழக்கம். அம்முறை எமது களப் பணியாளர் ஒருவர், வேலை இலகுவாகட்டும் என்ற நல்லெண்ணத்துடன், அலுவலகத்திற்கென்று கணனியில் தயாரித்த முழுப் பட்டியலையும் ஊர் வட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டார். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், 'பெண் தலைமைதாங்கும் குடும்பம்' என்ற குறிப்பு யாவும் அதில் இருந்தன.

சில நாட்களில் ஒரு தாய் எம்மைத் தேடி வந்தார். "சுவாமி, நான் நெல்லுக்குத்தானே பேர் குடுத்தனான். நானும் பிள்ளையளும் தனிய இருக்கிறம் எண்டதை ஏன் ஊர் முழுக்க அறிய வேணும்?" என்று கேட்டார். முன்பின் தெரியாத இலக்கங்களிலிருந்து இரவில் அவருக்கு அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன.

பட்டியலை அழித்தோம், மன்னிப்புக் கேட்டோம். ஆனால் அதற்குள் அது எத்தனை தொலைபேசிகளுக்குப் போய்விட்டது என்பதை எம்மால் அறிய முடியவில்லை. பலகையில் ஒட்டிய கடதாசியைக் கிழிக்கலாம். கைமாறிப் போன பட்டியலைத் திரும்பப் பெற முடியாது.

கருவி குற்றவாளியா?

கருவியின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கொள்ள நாம் விரும்பவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஓர் எச்சரிக்கை வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் ஏற்படுத்திய கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது உடனே அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் உயிர் தப்பினர். புதிய கருவி மக்கள் கையில் இருந்தால் அது உயிர்காக்கும் என்பதற்கு இது சான்று. மக்களைப் பற்றிய விபரம் மற்றவர் கையில் சேரும்போதுதான் வேறு கேள்விகள் எழுகின்றன.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியுள்ளன. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணனிகளுள் அந்நியர் ஊடுருவியதை அந்நிறுவனமே 2022 ஜனவரியில் அறிவித்தது. 5,15,000க்கும் அதிகமானோரின் விபரங்கள் அவற்றில் இருந்தன. போரினாலும் இடம்பெயர்வினாலும் உறவுகளைப் பிரிந்தவர்களும் காணாமற்போனவர்களும் அவர்களுள் அடங்குவர்.

பங்களாதேசிலுள்ள ரோஹிங்கியா அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் நிறுவனம் திரட்டிய விபரங்கள், அவர்கள் எந்த நாட்டிலிருந்து தப்பியோடினார்களோ அந்த மியன்மார் அரசுக்கே போய்ச் சேர்ந்தன என்று மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 ஜூனில் தெரிவித்தது. தாம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற்றதாக ஐ.நா. நிறுவனம் பதிலளித்தது. ஆனால் கண்காணிப்பகத்திடம் பேசிய அகதிகளுள் பெரும்பாலோர், தமக்கு அப்படிச் சொல்லப்படவில்லை என்றனர். சம்மதம் குறிக்கப்பட்டிருந்த பற்றுச்சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களுள் மிகச் சிலருக்கே ஆங்கிலம் வாசிக்கத் தெரியும்.

இதை வாசித்தபோது எமது நிவாரண வரிசைகள்தாம் எமக்கு நினைவுக்கு வந்தன. பசியோடு வரிசையில் நிற்பவர் சொல்லும் 'ஓம்' உண்மையான 'ஓம்' ஆகுமா? மறுத்தால் அரிசி கிடைக்காதோ என்ற பயம் இருக்குமட்டும் அது சம்மதம் ஆகாது.

நாம் வகுத்துக்கொண்ட ஒழுங்குகள்

அந்தத் தாயின் கேள்விக்குப் பின் பணியாளர்களும் கமக்காரர் அமைப்பினரும் ஒன்றாக இருந்து சில ஒழுங்குகளை வகுத்தோம்.

1. எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் போகும் என்பதைத் தமிழில் வாயால் விளக்கிய பின்பே ஒரு விபரத்தைக் கேட்போம்.

2. வேலைக்குத் தேவையற்றதைக் கேட்கமாட்டோம். விதைநெல்லுக்குக் காணியின் அளவு வேண்டும். கணவர் எங்கே என்ற விபரம் வேண்டியதில்லை.

3. படம் எடுக்க மறுப்பவருக்கும் உதவி குறையாது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் அறியாமல் எங்கும் இடமாட்டோம்.

4. தொலைபேசிக் குழுவில் பொது அறிவித்தல் மட்டுமே போகும். விபரப் பட்டியல் போகாது. தொலைபேசி இல்லாதவர்களுக்காக அறிவித்தல் பலகை தொடர்ந்தும் இருக்கும்.

5. விபரங்களுக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பார். தேவை முடிந்ததும் அவை அழிக்கப்படும்.

இவற்றால் வேலை சற்றுத் தாமதமாகிறது. நிதி தருவோர் கேட்கும் படங்களும் முன்னர்போல் சேர்வதில்லை. அந்த இழப்பை நாம் ஏற்கத்தான் வேண்டும். உங்கள் துயரத்தின் படத்தைக் காட்டி உங்களுக்கு உதவி பெறுவதென்றால், அந்தப் படம் உங்களுடையது என்பதை முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேளுங்கள்

இலங்கைப் பாராளுமன்றம் 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் விபரத்தை அறியவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் உங்களுக்குள்ள உரிமையை அது ஏற்கிறது. ஆனால், கேட்கும் பழக்கம் எம்மிடம் இல்லாவிட்டால் சட்டம் கடதாசியிலேயே கிடக்கும். உதவி பெறுபவர் கேள்வி கேட்கக்கூடாது என்ற எண்ணத்தை வளர்த்ததில் எம் போன்ற நிறுவனங்களுக்கும் பங்குண்டு.

அடுத்த போகத்தில் அதே தாய் மீண்டும் பெயர் கொடுக்க வந்தார். பெயரைச் சொல்லுமுன், "இது எங்க போகும்?" என்று பணியாளரிடம் கேட்டார். பணியாளர் பேனையை வைத்துவிட்டு விளக்கினார். எமது மேசைக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். வேறு எந்த நிறுவனத்தின் மேசைக்குப் போனாலும் கேளுங்கள்.