ஏரிக்கரைப் பாதைக்கு ஏற்ற சைக்கிள்

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஆலை அமைத்து ஹெர்குலிஸ் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியதால், சென்னையின் மேற்குப் புறநகருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நெடியது. அதே அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ புறப்பட்டு, திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலையடிவாரம் வரை மண்பாதைகளில் சில நாள் பயணம் செய்ய விரும்புவோர், வண்டியின் விலையையும் எடையையும் விட, வழியில் பழுதானால் எந்த ஊர்க் கடையில் அதைச் சரிசெய்யலாம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அலுமினியச் சட்டம் இலகுவானது. ஆனால் விரிசல் விட்டால் சிற்றூர் வெல்டிங் பட்டறையில் அதைப் பற்றவைப்பது அரிது என்பதால், இரும்புச் சட்டமே நம்பத்தக்கது. டயரின் அகலம் 40 முதல் 50 மி.மீ. வரை இருந்தால், காற்றைச் சற்றுக் குறைத்து மணலிலும் சரளையிலும் ஓட்டலாம். அளவில்தான் பலர் ஏமாறுகின்றனர். பழைய ரோட்ஸ்டர் வண்டியின் 28 அங்குல டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; இக்கால ஹைபிரிட் வண்டிகளில் அது 622 மி.மீ. என்பதால், இரண்டையும் 28 என்றே அழைத்தாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணில் முதலாவது அகலத்தையும் இரண்டாவது விட்டத்தையும் குறிக்கும்.

வால்வும் அவ்வாறே கவனத்துக்குரியது. ரோட்ஸ்டர் வால்வில், துளையுள்ள உலோகத் தண்டின்மேல் செருகிய வால்டியூப் என்னும் மெல்லிய ரப்பர்க் குழாய், காற்றை உள்ளே விட்டு வெளியேறாமல் அடைக்கிறது. ரப்பர் இற்றுப்போனாலும் சிறு கடையிலேயே மாற்று கிடைக்கும். கார் வால்வு உள்ள டியூபுக்கு இருசக்கர வாகனப் பஞ்சர்க் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். பந்தய வண்டிகளின் ஒல்லி வால்வுக்கோ பித்தளை இணைப்பான் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லாமல் தீராது.

ஏரிக்கரைகளில் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து, உள்ளே முனை முறிந்து நின்றுவிடும். அதை அகற்றாமல் டியூபை மட்டும் ஒட்டினால், சிறிது தொலைவிலேயே மீண்டும் பஞ்சராகும் என்பதால், டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துத் தேடுவது இன்றியமையாதது. ஏற்றத்துக்கு, முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரத்தில் பற்கள் கூடுதலான கியர் ஒன்றேனும் வேண்டும்.

சுமை கேரியரின் இருபுறமும் தாழ்வாகவும் சமமாகவும் தொங்க வேண்டும். பாதையின் அதிர்ச்சியில் கேரியரின் திருகுகள் தளர்வதால், முதல் நாள் மாலையே அவற்றை மீண்டும் முடுக்குவது நல்லது.