கிறுக்கல் படத்துக்கு இரண்டு ஆண்டுத் தவம்!

ஒரே குத்து! எதிரி காலி! எவ்வளவு பெரிய அரக்கன் வந்தாலும் இரண்டாவது குத்துக்கு வேலையே இல்லாத சூப்பர் ஹீரோ ஒருவர் ஜப்பானில் இருக்கிறார், தெரியுமா? பெயர் சைட்டாமா. தலையில் ஒரு முடி கிடையாது! 'ஒன் பஞ்ச் மேன்' காமிக்ஸின் நாயகன்.

இவ்வளவு பலம் எப்படி வந்ததாம்? தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம். 3 ஆண்டுகள், ஒருநாள் விடாமல்! அவ்வளவுதான் ரகசியம்!

அப்பேர்ப்பட்டவர் ஹீரோ சங்கத்தின் நுழைவுத் தேர்வில் எடுத்த மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? வெறும் 71! கிடைத்த இடம், கடைசி வகுப்பான 'சி' பிரிவில் 388-வது ரேங்க்! உலகத்தையே காப்பாற்றக்கூடியவருக்கு இந்தக் கதி!

இந்தக் காமிக்ஸை முதலில் வரைந்தவர் யார்? 'ஒன்' என்ற புனைபெயர்க்காரர். 2009 ஜூலையில், யார் வேண்டுமானாலும் படக்கதை போடக்கூடிய 'நிட்டோஷா' இணையதளத்தில் தொடங்கினார். படங்களோ, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியது மாதிரி இருக்கும்! ஆனாலும் 2012 ஜூனுக்குள் எத்தனை பார்வைகள்? 79 லட்சம்! படம் சுமார்தான். கதையோ, தொட்டால் விடாது!

அந்தக் கிறுக்கலில் மயங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 'ஐஷீல்ட் 21' புகழ் ஓவியர் யூசுகே முராட்டா! சிறுவனாக இருந்தபோதே வீடியோ கேம் வில்லன் வரையும் போட்டியில் வென்று, 'மெகா மேன்' விளையாட்டுக்குள் தன் வில்லனை நுழைத்த கில்லாடி! அதுவும் ஒருமுறை அல்ல, இருமுறை! உடல்நிலை மோசமாகி, செத்துவிடுவோமோ என்று பயந்த நேரத்தில், 'இனி மனசுக்குப் பிடித்ததைத்தான் வரைவேன்' என்று முடிவெடுத்தார். ஒன்னைத் தொடர்புகொண்டார். 2012 ஜூனில் அதே கதை, அசரவைக்கும் ஓவியங்களோடு புதிதாகத் தொடங்கியது! 2020-க்குள் புத்தகப் பிரதிகள் எத்தனை? 3 கோடிக்கும் மேல்!

இப்போதுதான் பெரிய ஆச்சரியம்! இணையத்தில் கூடவே ஓடிக்கொண்டிருந்த ஒன்னின் மூலத் தொடர் 2017 ஜனவரிக்குப் பிறகு நின்றுபோனது. ஒரு மாதமா? இரண்டு மாதமா? இரண்டு ஆண்டுகளுக்கும் மேல்! முராட்டாவின் அழகுப் பதிப்பு வந்துகொண்டேதான் இருந்தது. அதை வைத்து ரசிகர்கள் திருப்தி அடைந்தார்களா? இல்லையே! கிறுக்கல் படத்துக்காகவே காத்திருந்தார்கள்!

ஏன் தெரியுமா? கதையில் முன்னால் ஓடுவது மூலத் தொடர்தான்! அடுத்து என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் ஒன் வரைந்தாக வேண்டும்! இப்படிப்பட்ட ரசிகர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்!

சரி, எப்போது திரும்பி வந்தது? 2019 ஏப்ரலில்! இந்தக் கதையை வைத்து எடுத்த அனிமேயின் இரண்டாவது சீசன் தொடங்கியதும் அதே மாதம்! ஒரே மாதத்தில் இரட்டை விருந்து!

அப்போதாவது 'இனி இந்தத் தேதிக்கு வரும்' என்று அட்டவணை போட்டார்களா? அதுதான் கிடையாது! ஒன் எப்போது வரைகிறாரோ, அப்போதுதான் அடுத்த அத்தியாயம்!