வட்டம், சதுரம், முக்கோணம்: குழந்தைகள் வடிவங்களைப் பிரித்தறிய உதவுவது எப்படி?

திருப்பி வைத்த முக்கோணத்தைக் குழந்தைகள் அடையாளம் காணத் தடுமாறுவது ஏன், பெற்றோரும் ஆசிரியர்களும் செய்ய வேண்டியது என்ன என்பது குறித்து இந்த செய்தித் தொகுப்பில் காணலாம்.

புதுடெல்லி: வட்டத்தையும் முக்கோணத்தையும் காட்டும்படி கேட்டால், மழலையர் வகுப்புக் குழந்தைகள் பலரும் தயங்காமல் சுட்டிக்காட்டி விடுவர். அதே முக்கோணத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால், "இது முக்கோணம் இல்லை" என்று கூறும் குழந்தைகள் உண்டு. சதுரத்தைச் சாய்த்து வைத்தால், அது 'டைமண்ட்' ஆகிவிடுகிறது. குழந்தை வடிவத்தை அறிந்துகொண்டதா, அல்லது ஒரு படத்தை மட்டும் நினைவில் வைத்துள்ளதா என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

கல்வித் திட்டத்தில் வடிவங்களின் இடம்:

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்ற நோக்கத்துடன், மத்திய அரசு 2021 ஜூலை 5 அன்று 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. இந்த இலக்கை எட்டுவதற்கு 2026-27 கல்வியாண்டு வரை காலம் நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதே நோக்கத்துடன் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது.

எண்ணறிவு என்பது கூட்டல், கழித்தலுடன் முடிந்துவிடுவதில்லை. 2022 அக்டோபரில் டெல்லியில் வெளியிடப்பட்ட அடித்தள நிலைக்கான தேசிய கலைத்திட்டம், அளவு, வடிவம், அளவீடு ஆகியவற்றின் வழியே உலகை அறிவதையே குழந்தைகளின் கணித இலக்காக முன்வைக்கிறது. பரப்பளவு, கோணம், பின்னம் என மேல் வகுப்புகளில் வரும் பாடங்கள் பலவும் வடிவங்களைப் பற்றிய தெளிவையே சார்ந்துள்ளன.

தடுமாற்றம் ஏற்படுவது ஏன்?

நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதியர், வடிவியலை மாணவர்கள் படிப்படியாகவே புரிந்துகொள்கின்றனர் என்பதை 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் விளக்கினர். முதல் படியில் உள்ள குழந்தை, உருவத்தின் மொத்தத் தோற்றத்தை மட்டுமே பார்க்கிறது. "கதவு போல இருக்கிறது, அதனால் செவ்வகம்" என்பதே அதன் காரணம். பக்கங்கள், மூலைகள் போன்ற பண்புகளைக் கவனிப்பது அடுத்த படி.

சுவரில் மாட்டப்படும் படங்களில் முக்கோணம் பெரும்பாலும் ஒரே மாதிரி அச்சிடப்படுகிறது. அதன் அடிப்பக்கம் கீழே கிடைமட்டமாகவும், மூன்று பக்கங்களும் ஏறக்குறைய சமமாகவும் இருக்கும். அதையே பார்த்து வளரும் குழந்தைக்கு, ஒல்லியான முக்கோணமும் சாய்ந்த முக்கோணமும் வேறு ஏதோ உருவங்களாகத் தோன்றுகின்றன.

திண்மப் பொருளிலிருந்து தட்டை வடிவத்துக்கு:

குழந்தையின் கையில் முதலில் கிடைப்பவை பந்து, பெட்டி, டம்ளர் போன்ற திண்மப் பொருள்களே. தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி கவுன்சிலின் (என்சிஇஆர்டி) இரண்டாம் வகுப்புக் கணித நூலான 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' இந்த வரிசையையே பின்பற்றுகிறது. அதன் இரண்டாம் பாடம் முப்பரிமாண வடிவங்களைப் பேசுகிறது. நான்காம் பாடம், கர்நாடகத்தின் 'தொகலு' நிழற்பாவைக் கூத்தின் வழியே தட்டை வடிவங்களை அறிமுகம் செய்கிறது. தமிழகத்தின் தோல்பாவைக் கூத்தும் இதே வகைக் கலையே.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். தாளின் மீது தீப்பெட்டியை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்தால் செவ்வகம் கிடைக்கும். டம்ளரைக் கவிழ்த்து வரைந்தால் வட்டம். கனசதுரப் பகடையை வைத்து வரைந்தால் சதுரம். பொருள் வேறு, அதன் ஒரு முகத்தின் வடிவம் வேறு என்பது குழந்தைக்கு இதனால் விளங்கும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

திருப்பிக் காட்டுங்கள்: அட்டையில் வெட்டிய முக்கோணத்தைக் குழந்தையின் கண்முன்னே சுழற்றி, "இப்போது இதன் பெயர் மாறிவிட்டதா?" என்று கேட்க வேண்டும். ஒல்லி, அகலம், சிறிது, பெரிது எனப் பலவகை முக்கோணங்களைக் கலந்து தர வேண்டும்.

பொருந்தாதவற்றையும் காட்டுங்கள்: ஒரு பக்கம் வளைந்த உருவம், மூலை மூடாத உருவம், முனை மழுங்கிய உருவம் ஆகியவற்றையும் சேர்த்து வைத்தால், எது முக்கோணம் அல்ல என்பதும் தெளிவாகும்.

தொட்டுணரச் செய்யுங்கள்: மரத்தாலான வடிவங்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் செய்வது மரியா மாண்டிசோரியின் முறை. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். விரல் திரும்பும் இடமே மூலை. வட்டத்தில் அத்தகைய இடம் இல்லை.

பெயரின் பொருளைச் சொல்லுங்கள்: மூன்று கோணங்கள் உடையது முக்கோணம். பெயரிலேயே விளக்கம் இருப்பது தமிழ்க் குழந்தைகளுக்குக் கூடுதல் வசதி.

சதுரமும் செவ்வகமும்:

'சதுரம் வேறு, செவ்வகம் வேறு' என்று அழுத்திச் சொல்லிப் பழக்குவது பின்னாளில் சிக்கலாகலாம். நான்கு மூலைகளும் செங்கோணமாக உள்ள நாற்கரம் செவ்வகம் என்பதால், சதுரமும் ஒருவகைச் செவ்வகமே. சிறு குழந்தைக்கு இந்த வரையறை தேவையில்லை. "சதுரத்துக்கு நான்கு பக்கங்களும் ஒரே நீளம்" என்று கூறி, குச்சியால் அளந்து பார்க்கச் செய்தால் போதுமானது.

தெருவே வகுப்பறை:

டெல்லி போன்ற நகரில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஜந்தர் மந்தரில் உள்ள சாம்ராட் யந்திரம் மாபெரும் செங்கோண முக்கோணமாக நிற்கிறது. சாலையில் 'வழி விடுக' என்னும் பலகை தலைகீழ் முக்கோணம். 'நில்' பலகை எண்கோணம். இனிப்புக் கடையின் காஜு கட்லி சாய்சதுரம்.

1927-இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றக் கட்டடம் வட்ட வடிவிலானது. 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய கட்டடம் முக்கோண வடிவிலானது என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அதன் மூலைகள் வெட்டப்பட்டிருப்பதால், மேலிருந்து எடுத்த படத்தில் பக்கங்களை எண்ணும் குழந்தை ஆறு என்று கூறக்கூடும். அந்தப் பதிலைத் தவறென்று ஒதுக்கக் கூடாது. தோற்றத்தைக் கடந்து பண்பைப் பார்க்கத் தொடங்கியதன் அடையாளம் அது.

எனவே, "இது என்ன வடிவம்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பதே முக்கியம். "மூன்று பக்கம் இருக்கிறது, மூன்று மூலை இருக்கிறது" என்று குழந்தை எண்ணிச் சொல்லிவிட்டால், முக்கோணம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதற்குக் குழப்பம் வராது.