புலி வரும்வரை தூங்கும் கேமரா: கோடிங்கில் ‘ஸ்லீப்’ எதற்கு?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. நாட்டின் 51-வது, தமிழ்நாட்டின் 5-வது புலிகள் காப்பகம். இப்படிப்பட்ட காடுகளில் புலிகளை எண்ண மரத்தில் கட்டும் தானியங்கி கேமராக்கள், பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்படித் தூங்கினால்தான் வேலையே நடக்கும்!

ஏன் தூங்கணும்?

காட்டுக்குள் சார்ஜர் கிடையாது, பேட்டரி மட்டும்தான். “வந்துடுச்சா, வந்துடுச்சா” என்று புரோகிராம் நொடிக்கு ஆயிரம் முறை கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இதை ‘பிஸி வெயிட்டிங்’ என்பார்கள். அதனால் சிப் தூங்கும். உடல் சூட்டோடு ஏதாவது நகர்ந்தால் சென்சார் அதை எழுப்பும். படம் எடுத்தபின், குறித்த நேரத்துக்கு மறுபடி ஓய்வு. இதுதான் ‘டிலே’.

எவ்வளவு நேரம்?

இங்கேதான் சிக்கல். இடைவெளியே இல்லாவிட்டால், வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலும் படமாக எடுத்துத் தள்ளி மெமரி கார்டு நிரம்பிவிடும். 1 நிமிடம் வைத்தால், தாய்ப்புலி பதிவாகும். 10 நொடி கழித்துப் பின்னால் வரும் குட்டி பதிவாகாது. 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, சுமார் 3.48 கோடி படங்கள் எடுக்கப்பட்டன. அதில் புலிப் படங்கள் 76,651 மட்டுமே.

கோடில் எப்படி?

பைத்தானில் ‘டைம்.ஸ்லீப்(5)’ என்றால் 5 நொடி நிற்கும். ஜாவாவில் ‘த்ரெட்.ஸ்லீப்(5000)’ என்று எழுதணும். அங்கே கணக்கு மில்லி நொடி. பழக்கதோஷத்தில் பைத்தானிலும் 5000 போட்டால், புரோகிராம் 1 மணி 23 நிமிடம் 20 நொடி தூங்கும். எர்ரர் எதுவும் வராது. ‘ஹேங் ஆயிடுச்சு’ என்றுதான் நினைப்பீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம்:

* ஸ்லீப் என்பது அலாரம் மாதிரி. 5 நொடி முடிந்ததும் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுப்பும். ஆனால் சிபியு வேறு வேலையில் இருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம். துல்லியமான கடிகாரமாக அதை நம்பக் கூடாது.

* ஆப்பின் திரையைக் கவனிக்கும் த்ரெட்டில் ஸ்லீப் போட்டால், பட்டனை எத்தனை முறை தட்டினாலும் அசையாது. அதனால்தான் ஜாவாஸ்கிரிப்டில் ‘செட்டைம்அவுட்’, பைத்தானில் ‘அசிங்க்ஐஓ.ஸ்லீப்’ இருக்கின்றன. ஒரு வேலை காத்திருக்கும்போது மற்றவை நடக்கும்.

அடுத்த முறை அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணைப் போடும் முன், அது நொடியா, மில்லி நொடியா என்று பாருங்கள். அந்த நேரத்துக்குள் உங்கள் புரோகிராமைக் கடந்து எந்தக் ‘குட்டி’ போய்விடக்கூடும் என்றும் யோசியுங்கள்.