தம்பிக்கு எவ்வளவு சேர்த்து வைக்கணும்? அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு!



டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோ போட்ட வாரம் ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். 27 வயசு, ஐடி வேலை, கைக்கு 62,000 ரூபாய் வருது. "சார், என் தம்பிக்கு ஆட்டிசம். பி.காம் கடைசி வருஷம் படிக்கிறான். அப்பா அம்மாவுக்கு அப்புறம் அவனை நான்தான் பாத்துக்கணும். அவனுக்காக மாசம் எவ்வளவு எஸ்ஐபி போடணும்?"

பொறுப்பான அண்ணன். ஆனா அவர் கணக்குல ஒரு வரி விட்டுப் போயிருந்தது. தம்பி பட்டம் வாங்கப் போறான், அப்புறம் என்ன வேலைக்குப் போவான்னு எங்கேயும் எழுதலை. கேட்டேன். "அவன் எப்படி சார் வேலைக்குப் போவான்?"னு பதில் வந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்காகத்தான்.

முதல்ல கணக்கு

மாசம் 15,000 ரூபாய் சம்பளம்னா வருஷத்துக்கு 1,80,000. இதே பணம் 6% வட்டியில வரணும்னா எஃப்டியில 30 லட்சம் இருக்கணும். அதாவது, தம்பிக்கு ஒரு சின்ன வேலை கிடைச்சா நீங்க 30 லட்சம் சேர்த்து வெச்ச மாதிரி. எஃப்டி வட்டி விலைவாசியோட சேர்ந்து ஏறாது. சம்பளம் கொஞ்சமாவது ஏறும், பிஎஃப் கூட சேரும்.

எஸ்ஐபி வேண்டாம்னு சொல்லலை. நீங்க இருபது வருஷம் மூச்சுப் பிடிச்சு சேர்க்கப் போற தொகைக்குச் சமமான ஒண்ணு அவன் கையிலேயே இருக்கலாம். அதைத் தேடிப் பார்க்காமலே "முடியாது"ன்னு முடிவு பண்ணாதீங்க.

நான் பண்ண தப்பு

உபதேசம் மட்டும் பண்ணலை, நானே இதுல சறுக்கியிருக்கேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆட்டிசம் உள்ள ஒரு பி.காம் பையனை இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூ பண்ணேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். பெயர், ரோல் நம்பர் சொல்லிட்டு நிறுத்திட்டான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மனசுக்குள்ள "நோ" போட்டுட்டேன். கூட வந்த அவங்க அக்கா, "பேச வெச்சுப் பார்க்காதீங்க சார், ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்க"ன்னாங்க.

ஒரு கிளையன்ட்டோட பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஜிஎஸ்டிஆர்-2பி ஷீட்டையும் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள்ள ஒத்துப்போகாத இன்வாய்ஸ் எல்லாத்தையும் மஞ்சள் கலர் பண்ணி வெச்சிருந்தான். ஜீனியஸ் எல்லாம் இல்லை. பொறுமையா, ஒண்ணு விடாம பார்த்தான், அவ்வளவுதான். எங்க வேலைக்கு அதுதானே வேணும்?

ரெண்டாவது வாரம் மறுபடி சொதப்பினேன். ஃபைலிங் கடைசி நாள். அவன் பாதி வேலையில இருக்கும்போது, "அதை விடு, இதை எடு"ன்னு மூணு தடவை வாயால மாத்திச் சொன்னேன். எழுந்து போய் மாடிப்படியில உட்கார்ந்துட்டான். ஒரு மணி நேரம் வரலை. அன்னைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் புரிஞ்சது, தப்பு என்மேல. அடுத்த நாள்ல இருந்து காலையில ஒரு பேப்பர்ல வேலையை 1, 2, 3ன்னு எழுதிக் கொடுத்தேன். மாத்தணும்னா அந்தப் பேப்பர்லயே அடிச்சு எழுதுவேன். செலவு? பூஜ்யம். இப்போ என் ஆபீஸ்ல எல்லாருக்கும் அந்தப் பேப்பர்தான்.

காலேஜ்ல இருக்கும்போதே என்ன பண்ணணும்?

1. வேலையை வேலை இடத்துல கத்துக்கணும். 1996ல அமெரிக்காவுல சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில 'ப்ராஜெக்ட் சர்ச்' ஆரம்பிச்சாங்க. இந்த மாணவர்கள் படிப்போட கடைசி வருஷத்துல நிஜ வேலை இடத்துலயே பிரிவு பிரிவா மாறி மாறிப் பழகுவாங்க. எஸ்ஏபி நிறுவனம் 2013ல 'ஆட்டிசம் அட் வொர்க்' திட்டத்தை ஆரம்பிச்சது. நம்ம வீட்டுலயும் இதைச் செய்யலாம். பத்து சர்டிபிகேட் கோர்ஸ் சேர்க்கிறதை விட, தெரிஞ்ச ஆடிட்டர் ஆபீஸ், கடை, லைப்ரரின்னு ரெண்டு மாசம் உட்கார வைங்க.

2. பஸ் பழக்கம். தனியா பஸ் ஏறத் தெரியாததாலயே கைக்கு வந்த வேலை போகலாம். முதல் வாரம் கூடப் போங்க, அடுத்த வாரம் பின் சீட்டுல உட்காருங்க, அப்புறம் ஸ்டாப்புல நில்லுங்க.

3. யூடிஐடி கார்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில 4% இடஒதுக்கீடு. அதுல 1% ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்குச் சேர்த்து. இதுக்குக் குறைந்தது 40% குறைபாடுன்னு சான்றிதழ் வேணும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க. பயிற்சிக்கும் வழிகாட்டுதலுக்கும் முட்டுக்காட்டுல மத்திய அரசோட தேசிய நிறுவனம் (நிப்மெட்) இருக்கு.

சம்பளம் யார் அக்கவுண்ட்டுல?

என்கிட்ட வந்த பையனோட அம்மா, "ஸ்டைபண்டை என் அக்கவுண்ட்டுல போட்டுடுங்க"ன்னாங்க. காரணம், ஒரு பேங்க்ல "கார்டியன் இல்லாம அக்கவுண்ட் திறக்க முடியாது"ன்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க. அவனுக்கு அப்போ 20 வயசு, தெளிவா கையெழுத்துப் போடுவான். அதே சட்டத்தோட 13ஆவது பிரிவு, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கிற உரிமை மத்தவங்களுக்குச் சமமா அவங்களுக்கும் உண்டுன்னு சொல்லுது. அதை எழுதிக் கடிதமா கொடுத்தோம். அக்கவுண்ட் திறந்தாங்க.

நிஜமாவே கார்டியன் தேவைப்படுறவங்களுக்கு 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல வழி இருக்கு. தேவை இருந்தா எடுங்க. பேங்க் ஊழியருக்கு வசதியா இருக்கும்னு எடுக்காதீங்க.

வரிச் சலுகை

80டிடி பிரிவுல 75,000 ரூபாய் கழிவு, 80% அல்லது அதுக்கு மேல குறைபாடுன்னா 1,25,000. கூடப்பிறந்தவங்களுக்கும் உண்டு. சிகிச்சைக்கு மட்டும் இல்லை, பயிற்சிச் செலவுக்கும் சேர்த்துத்தான். 30% ஸ்லாப்ல இருக்கிறவருக்கு செஸ்ஸோட 23,400 ரூபாய் மிச்சம்.

ஆனா மூணு கண்டிஷன்:

- பழைய வரி முறையில மட்டும்தான். இதுக்காக மட்டும் பழைய முறைக்குத் தாவாதீங்க, ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்க.
- தம்பி முழுசாவோ பெரும்பாலுமோ உங்களை நம்பி இருக்கணும். அப்பா பாத்துக்கிட்டா கிளெய்ம் அப்பாவுக்கு.
- தம்பி சம்பாதிச்சு தன் பேர்ல 80யு கிளெய்ம் பண்ணா, அவனுக்காக நீங்க 80டிடி எடுக்க முடியாது.

வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1ல இருந்து அமல். அதனால ஃபைல் பண்ணும்போது புதுப் பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கோங்க.

உங்க வீட்டுல யாரும் இப்படி இல்லையா?

அப்பவும் உங்களுக்கு வேலை இருக்கு. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடணும். எந்தெந்த வேலை, எப்படித் தேர்வு, என்ன பயிற்சின்னு அதுல இருக்கணும். நாளைக்கு ஹெச்ஆருக்கு ஒரே ஒரு மெயில் போடுங்க: "நம்ம கம்பெனியோட கொள்கை எங்கே இருக்கு?" இன்டர்வியூக்குப் பதிலா ஒரு நாள் வேலை செய்ய வெச்சுப் பார்க்கலாமான்னு உங்க மேனேஜர்கிட்ட கேளுங்க. ஒரு பையன் சேர்ந்தா, முதல் மூணு மாசம் அவன் சந்தேகம் கேட்கிற ஆளா நீங்க இருங்க. ரெஃபரல் போனஸ் வராட்டியும் பரவாயில்லை!

அந்த அண்ணனுக்கு நான் எழுதின பதில் இதுதான்: "மாசம் 5,000 எஸ்ஐபி ஆரம்பிங்க. டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்க. வர்ற சனிக்கிழமை தம்பிகிட்டயே உட்கார்ந்து, உனக்கு என்ன வேலை பிடிக்கும்னு கேளுங்க."

ரெண்டு வாரம் கழிச்சு பதில் வந்தது. "சார், கேட்டேன். லைப்ரரியில புக் அடுக்கிற வேலைன்னான். மூணு வருஷமா அவனுக்கு அதுதான் ஆசையாம். நாங்க யாரும் கேட்கவே இல்லை."

உங்க வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!