ஒரே பயிர், ஒரே பிழைப்பு

ஒரு காட்டையும் ஒரு தேயிலைத் தோட்டத்தையும் மனக்கண்ணில் பாருங்கள். காட்டில் ஒரு மரத்தின் அருகே வேறு சாதி மரம், அதன்மேல் கொடி, அடியில் புதர். தோட்டத்திலோ கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே செடி. இவ்வாறு பரந்த நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிரை வளர்ப்பதே ஓரினப் பயிர்முறை.

இதில் ஆதாயம் இல்லாமலில்லை. உரமிடுவதும் அறுவடையும் ஒரே விதமாக நடப்பதால் வேலை எளிது. சரக்கும் ஒரே தரமாக இருப்பதால் விற்பது சுலபம். ஆனால் இந்த ஆதாயத்துடன் ஓர் அபாயமும் சேர்ந்தே வருகிறது. அதைக் கண்கூடாகக் காட்டிய இடங்களுள் ஒன்று இலங்கையின் மலைநாடு.

காப்பி ஆண்ட மலைகள்

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் அங்கே காடுகளை அழித்துக் காப்பி பயிரிட்டனர். 1878-ல் காப்பி நின்ற நிலம் சுமார் 2,75,000 ஏக்கர். அதில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழை மக்கள்.

1869-ல் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. இலைகள் உதிர்ந்தன, காய்ப்புக் குறைந்தது. இது ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் பூசணத்தால் உண்டாகும் துரு நோய். காப்பிக்கு நல்ல விலை கிடைத்ததால், முதலாளிகள் இதைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் நிலங்களில் காப்பியையே நட்டனர்.

1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலார் இலங்கைக்கு வந்து நோயை ஆராய்ந்தார். பூசணத்தின் நுண்வித்துகள் காற்றில் பறந்து, ஈரமான இலைமீது விழுந்து முளைக்கின்றன. இலைத்துளை வழியே உள்ளே நுழைகின்றன. சில வாரங்களில் ஒரே புள்ளியிலிருந்து ஆயிரமாயிரம் புதிய வித்துகள் கிளம்புகின்றன. கலப்பு மரங்கள் நிறைந்த காட்டில் அவற்றில் பெரும்பகுதி வேறு இலைகளில் விழுந்து வீணாகிவிடும். தோட்டத்திலோ எங்கே விழுந்தாலும் காப்பி இலைதான்! காற்றைத் தடுக்க இடையில் மரங்களும் இல்லை. போதாக்குறைக்கு, செடிகள் எல்லாம் நெருங்கிய ஒரே வமிசம். ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் எளிதாகத் தாக்கும்.

காரணம் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையில் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்தது.

செடி மட்டுமா சாய்ந்தது?

தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-ல் முறிந்தது. தொழிலாளர்கள் வேலை இழந்தனர். காப்பியைத் தவிர அத்தோட்டங்களில் வேறு தொழில் ஏது? நிலத்தில் ஓரினம் என்றால் மனிதர் வாழ்விலும் ஓரினம்தான்.

அயர்லாந்து 1845 முதல் கண்ட பஞ்சமும் இதையே சொல்கிறது. அங்கே ஏழைகளின் உணவு பெரும்பாலும் உருளைக்கிழங்கு. அதிலும் பெரும்பாலும் ஒரே ரகம். கருகல் நோய் அதை அழித்தபோது சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானது என்பதை மறக்கலாகாது. கிழங்கை அழித்தது பூசணம் போன்ற ஒரு நுண்ணுயிர். மக்களை அந்த ஒரே கிழங்கை நம்பி வாழவைத்ததோ சமூக அமைப்பு.

இலங்கையில் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதுவும் ஓரினமே. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். பெற்றோரின் வேலையே பிள்ளைகளுக்கும் என்றானது. 1946-ல் கொப்புள நோய் தேயிலையையும் தாக்கியது. செம்பு கலந்த மருந்துகளால் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆனால் உலகச் சந்தையில் விலை சரிந்தால் அதற்கு எந்த மருந்தைத் தெளிப்பது?

நம் உழவர் அறிந்த பாடம்

மானாவாரி நிலத்தில் நிலக்கடலைக்கு ஊடே துவரை போடும் உழவரைக் கேளுங்கள். “ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும்” என்பார். இதே விதி ஊருக்கும் பொருந்தும். பல பயிர்கள், பல தொழில்கள், பிள்ளைகளுக்கு வேறு வழி திறக்கும் கல்வி ஆகியவை உள்ள ஊர் ஓர் அடியில் வீழ்ந்துவிடாது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் இன்று எத்தனை பயிர்கள் விளைகின்றன, எத்தனை தொழில்கள் நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 40 ஆண்டுகளுக்கு முன் எத்தனை இருந்தன என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று ஆராய்வதே அடுத்த வேலை.