தும்மலின் காரணம்

காலையில் தொடர் தும்மல், மூக்கில் நீர்வடிதல், கண் அரிப்பு ஆகியவை சளியின் அறிகுறிகளைப் போலத் தோன்றும். சளி சில நாள்களில் நீங்கிவிடும்; ஒவ்வாமையால் வரும் தும்மலோ வாரக்கணக்கில் நீடிக்கும். 1819 ஆம் ஆண்டில் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கிலேய மருத்துவர், தம்மை வருத்திய இந்நோயை விளக்கி எழுதினார். புல்லை அறுத்து உலர்த்தும் கோடையில் வந்ததால், மக்கள் இதனை ‘வைக்கோல் காய்ச்சல்’ என்றனர். உண்மையில் இது காய்ச்சல் அன்று. வைக்கோலும் காரணம் அன்று. புல்லின் மகரந்தமே காரணம் எனச் சார்லஸ் பிளாக்லி என்னும் மருத்துவர் 1873 இல் நூல் எழுதி விளக்கினார்.

மகரந்தம் நஞ்சு அன்று. எனினும், சிலருடைய உடல் அதனைப் பகையெனத் தவறாகக் கருதி, ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகிறது. அதனால் மூக்கின் உட்பகுதி வீங்குகிறது, தும்மல் எழுகிறது.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அங்கே மல்லிகைச் சரம் வாங்கிச் சூடுவோரும் உண்டு. தும்மல் வந்தால் பூவைப் பழிப்பது எளிது. ஆனால், மல்லிகையின் மகரந்தத்தைப் பூச்சிகளே சுமந்து செல்கின்றன. காற்றில் அது மிகுதியாகப் பறப்பதில்லை.

ஈரப்பதம் மிகுந்த இந்நகரில் முக்கியமான காரணம் ஒன்று வீட்டிற்குள்ளேயே உள்ளது. அதுவே தூசிச் சிற்றுண்ணி. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமுடைய இவ்வுயிரி மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்கிறது. இது நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே ஈர்த்துக்கொள்கிறது. இதன் கழிவு தூசியோடு மூக்கினுள் சென்று ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஈரச் சுவரில் படரும் பூஞ்சையும் கரப்பான் பூச்சியின் கழிவும் அவ்வாறே தீங்கு செய்யும்.

சிற்றுண்ணிக்கு உலர்ச்சியே பகை. பெட்டியில் வைத்த ‘லேப்’ என்னும் பஞ்சுப் போர்வையைக் குளிர்காலத் தொடக்கத்தில் வெயிலில் உலர்த்துவது வங்காளத்தின் வழக்கம். மெத்தைக்கும் தலையணைக்கும் அவ்வழக்கம் ஏற்றது. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தல் வேண்டும். உலர்ந்த துடைப்பம் தூசியை எழுப்பும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. தூசி தட்டும் வேளையில் ஒவ்வாமை உடையவர் அறையை விட்டு விலகியிருத்தல் வேண்டும்.

தும்மலோடு மூச்சிரைப்பும் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
மகரந்தம் – பூந்தூள்
செதில் – உதிரும் மெல்லிய தோல்
பூஞ்சை – பூசணம்

பயிற்சி
1. ‘வைக்கோல் காய்ச்சல்’ என்னும் பெயர் பொருந்தாதது ஏன்?
2. மல்லிகையைப் பழிப்பது ஏன் தவறு?
3. உமது வீட்டில் வெயிலில் உலர்த்த வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுக.